கடைசி பஸ் போயிட்டா

"பேசாம சென்னைக்குப் போயிடுங்களேன், அங்க உங்கள மாதிரி நிறைய பேர் இருக்காங்க." அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நான் கம்பத்துக்காரி. ஏலக்காய் தரம் பிரிக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறேன். என் காதலி கேரளத்துக் குமுளிப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். நடுவில் ஒரு மலையும் செக்போஸ்ட்டும். என் அம்மா இங்கே, மூச்சிரைப்போடு அவள் அப்பா அங்கே. சென்னை என்றால் ராத்திரி முழுக்க பஸ். எங்களைப் போன்றவர்கள் அங்கே நடத்தும் பெருமித (ப்ரைடு) ஊர்வலப் படங்களைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற தூரத்தில் நமக்கென்று ஒரு ஆள் வேண்டும். அது இல்லாமல் எத்தனை சங்கம் இருந்தும் எங்களுக்கு என்ன பிரயோசனம்?

2022 கடைசியில் அவளைக் காணோம் என்று இந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் புகார் கொடுத்தார்கள். இருவருக்கும் இருபத்தஞ்சு தாண்டியிருந்தது. மத்தியானத்திலிருந்து பெஞ்சில் உட்கார வைத்து, "ரெண்டு பொம்பளப் புள்ளைக சேந்து என்ன குடும்பம் நடத்துவீங்க?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கு முந்தின வருசமே, 2021 ஜூன் 7-ல், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தெளிவாகச் சொல்லிவிட்டார்: காணவில்லை என்று வந்த புகாரில், வயது வந்த இருவர் விரும்பித்தான் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொந்தரவு இல்லாமல் புகாரை முடிக்க வேண்டும். 2022-ல், எங்களைப் போன்றவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தமிழ்நாடு போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்தும் விட்டார்கள். அந்தப் பெஞ்சில் இருந்த எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்த ஒருத்தர் பக்கத்தில் இருந்திருந்தால் பத்து நிமிசத்தில் வெளியே வந்திருப்போம்.

வந்தது லோயர் கேம்ப் என்கிற ஊர்க்கார அக்கா. விடியுமுன்னே ஜீப்பேறித் தோட்டத்துக்குப் போகிறவர். வேலை முடிந்து, தூக்குச்சட்டியும் தலையில் கட்டிய துண்டுமாக அப்படியே வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டும் எம்புள்ளைக. கூட்டிட்டுத்தான் போவேன்." எழுந்திருக்கவே இல்லை. எட்டரை மணிக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும், "கடைசி பஸ்ஸு போயிருச்சுத்தா. பாய் அங்கன இருக்கு, படுங்க" என்று சொல்லிவிட்டு ரசம் வைக்கப் போய்விட்டார். எங்களைப் போன்றவர்களைக் குறிக்கும் பால்புதுமையர் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை. இன்றுவரை எங்களை ஒன்றும் கேட்டதும் இல்லை.

அதற்காக எல்லாவற்றையும் அந்த அக்கா தலையில் கட்ட முடியுமா? செக்போஸ்ட்டைத் தாண்டினால் கோர்ட்டே வேறு. சென்னைத் தீர்ப்பு குமுளி போலீஸைக் கட்டுப்படுத்தாது. அங்கே காட்ட வேண்டியது, வீட்டார் பிரித்துவைத்த காதலர்கள் ஆதிலாவையும் நூராவையும் சேர்ந்து வாழ விட்ட 2022 மே 31 கேரள உயர் நீதிமன்ற உத்தரவு. இந்த இரண்டு காகிதத்தையும் கையில் வைத்திருக்கிற வக்கீல் ஒருவர் தாலுகாவுக்குத் தாலுகா வேண்டும். நகரத்து நண்பர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

அதுவரைக்கும்: பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100. ராத்திரியில் மனசு தாங்கவில்லையென்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

கூடலூர், கம்பம், குமுளிப் பக்கம் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாங்க. பெயர் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம். கடைசி பஸ் போயிட்டா, பாய் இருக்கு.