செத்தப்புறம் மாலை போடற பழக்கம்

2024ல சென்னை அசோக் நகர் உதயம் தியேட்டர மூடுனப்போ ஃபேஸ்புக் பூரா ஒரே ஒப்பாரி, நானும் பழைய போட்டோ ஒண்ணு தேடிப் போட்டு ஆர்ஐபி எழுதிட்டு படுத்துட்டேன். வூட்டம்மா கேட்டாங்க, "ஏங்க, நாம கடைசியா அங்க எப்போ போனோம்?" யோசிச்சா பெரியவன் பொறக்கறதுக்கு முன்னாடி. அவனுக்கு இப்ப மீசை மொளைக்குது.

எனக்கு தண்டையார்பேட்டை, தியேட்டர்னா அகஸ்தியா தான். 1967ல தொறந்தது, 2020 லாக்டவுனோட போச்சு. அப்பல்லாம் எந்த தியேட்டர்லயும் கம்பி போட்ட ஒத்தையடி க்யூ தான், உள்ள பூந்தா திரும்ப முடியாது, முன்னாடி நிக்கறவன் முதுகு வேர்வை நம்ம மூஞ்சில, கவுன்ட்டர் ஓட்டைக்குள்ள ஒரே நேரத்துல நாலு கை நுழையும், டிக்கெட்டோட கைய உருவுனா மணிக்கட்டுல சிராய்ப்பு இருக்கும். அதையும் பெருமையா காட்டிக்கிட்டு திரிஞ்சோம், லூசுப் பசங்க.

போன மாசம் சின்னவனுக்கு ஸ்டாம்ப் வாங்க அண்ணா சாலை போஸ்ட் ஆபீஸ் போனேன். அந்த காம்பவுண்டுக்குள்ள ஸ்டாம்ப் சேக்கறவங்களுக்குன்னு ஒரு ஹால் இருக்கு பாருங்க, அது தான் பழைய எலெக்ட்ரிக் தியேட்டர்! வார்விக் மேஜர்னு ஒருத்தர் 1913ல ஆரம்பிச்சு ஊமைப்படம் ஓட்டுன எடம். 1915லயே தபால் துறை வாங்கிடுச்சு. இத்தன வருஷம் பஸ்ல அந்த வழியா போயிருக்கேன், எனக்கே தெரியாது.

இதுல கூத்து என்னன்னா, 1914ல ரகுபதி வெங்கையா கட்டுன கெயிட்டி தியேட்டர் இப்ப இல்ல, மூணு தியேட்டர் ஒண்ணா இருந்த சஃபையர் இல்ல, சிவாஜி குடும்பத்தோட சாந்தி இல்ல, ரெண்டே வருஷம் படம் ஓட்டுனது மட்டும் நூறு வருஷம் தாண்டி நிக்குது, தபால்காரங்க புண்ணியத்துல.

போஸ்ட் ஆபீஸை காலி பண்ணிட்டு மியூசியம் ஆக்கணும்னு சிலர் கெளம்புவாங்க. வேணாம் சாமி. ஆள் வந்து போற வரைக்கும் தான் கட்டடம், பூட்டு போட்டா ரெண்டு மழைக்கு செவுத்துல அரசமரம் மொளைச்சிரும். ஸ்டாம்பே வித்துட்டு போகட்டும், வாசல்ல தமிழ்ல பெருசா ஒரு போர்டு இருந்தா போதும்.

சின்னவன் நாலு செவுத்தையும் பாத்துட்டு "ஸ்க்ரீன் எந்தப் பக்கம்பா?"ன்னான். முழிச்சேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை தேவி தியேட்டர்ல நாலு டிக்கெட் போட்டாச்சு. படம் சுமார்ங்கறாங்க, பரவால்ல.