ஓரம் சீவப்பட்ட அட்டைகள்

ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பவர்களில் பலர், கையில் எடுத்தவுடன் மூலைகள் கூர்மையாக இருக்கின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். நூறாண்டுகளைத் தாண்டி வந்த அட்டைகளுக்கு இன்று பெரிய கேடாக இருப்பது இந்தப் பழக்கமே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டி206 அட்டையை வாங்கினேன். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வைத்துக் கொடுத்த, 500க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட வரிசை அது. மெல்லிய பெட்டி நசுங்கிவிடாமல் தாங்கியதும், வாங்கியவரை மறுபடியும் அதே சிகரெட்டை நாட வைத்ததும் இந்த அட்டைகள்தாம். எனக்குக் கிடைத்ததன் பின்பக்கத்தில் நீல மையில் பீட்மான்ட் சிகரெட் விளம்பரம் இருந்தது. நான்கு மூலைகளும் ஊசிமுனை போல் இருந்தன. சந்தேகப்பட்டு அளந்து பார்த்தேன். ஏறத்தாழ 36.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய அகலம், 35தான் இருந்தது. அக்காலத்து வெட்டில் சிறிய ஏற்ற இறக்கம் உண்டென்பதால், அளவை மட்டும் நம்பாமல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் பழுப்பேறி, நார் பிரிந்து, அட்டையின் வயதைக் காட்டின. இடமும் வலமும் நேற்று வெட்டியதைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தன. யாரோ மழுங்கிய மூலைகளைச் சீவி எறிந்திருக்கிறார். விற்றவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். பணம் போனதைவிட, எத்தனையோ கைகள் பட்டுத் தேய்ந்த அந்த விளிம்பு இனி எவருக்கும் கிடைக்காது என்பதே எனக்கு அதிகம் வலித்தது.

இந்தத் துறையின் மிகப் புகழ்பெற்ற அட்டைக்கே இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னரின் படம் டி206 வரிசையிலிருந்து விரைவிலேயே நிறுத்தப்பட்டது. புகையிலையோடு தம் படம் சிறுவர் கைக்குப் போவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குரிய பணம் தரப்படாததே காரணம் என்பர் வேறு சிலர். எஞ்சிய சிலவற்றுள் ஒன்றை ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் அன்றைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் 1991இல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அட்டைகளின் நிலையைப் பார்த்து 1 முதல் 10 வரை எண் தரும் பிஎஸ்ஏ நிறுவனம் தரமிட்ட முதல் அட்டை அதுவே. அதற்குக் கிடைத்த தரம் 8. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் பக்க ஓரங்களைத் தாமே வெட்டியதாக, ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

தரமிடுதலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போலிகள் மலிந்த சந்தையில் அது தேவைதான். ஆனால் ஒரே வீரரின் ஒரே அட்டை, இரண்டு எண் கூடியதற்காகப் பல மடங்கு விலைக்குப் போகும்போது, கத்தி எடுப்பவருக்கான கூலியை நாமே கொடுக்கிறோம். தேய்ந்ததை மதிக்கச் சந்தைக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது: 2021இல் வெறும் 3 என்ற தரம் பெற்ற ஒரு வாக்னர் அட்டை 66 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. வாக்னருக்குக் காட்டும் அந்தப் பெருந்தன்மையை, பெயர் மறந்துபோன ஒரு சாதாரண ஆட்டக்காரரின் அட்டைக்கும் காட்டினால் என்ன?

டி206 என்ற பெயரையே நமக்குத் தந்தவர், சிராக்யூஸ் நகரத்து ஜெபர்சன் பர்டிக். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையிலும், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குத் தாம் கொடுத்த சேகரிப்பை ஆண்டுக்கணக்கில் அமர்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அவ்வேலை முடிந்தது, மார்ச்சில் காலமானார். அதில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30,000க்கு மேல். பசை தடவி ஒட்டியவற்றை இன்றைய தராசில் நிறுத்தால் மிகத் தாழ்ந்த எண்ணே கிடைக்கும். ஆனாலும் அந்த அட்டைகளுக்கு அவரைவிட அதிகம் செய்தவர் யாரையும் நான் அறியேன்.

சீவப்பட்ட அந்த அட்டையை நான் மறுபடி விற்கவில்லை. அதன் உறைக்குள் ஒரு துண்டுத் தாளில் "அகலம் 35 மி.மீ., இருபுறமும் வெட்டப்பட்டது" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு அது யார் கைக்குப் போனாலும் அந்தத் தாளோடு சேர்த்தே போக வேண்டும் என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.