17ஆம் பிரிவு ஒழித்தது எதை?

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு சாதியையே ஒழித்துவிட்டது, ஆகவே சாதிச் சான்றிதழ் கேட்பதே சட்டவிரோதம் என்று இங்கே பலர் பகிர்ந்து வருகிறார்கள். நல்லெண்ணத்தில் பகிர்ந்திருக்கலாம், ஆனால் அப்பிரிவு ஒழிப்பது தீண்டாமையை. அதை எந்த வடிவிலும் கடைப்பிடிக்கக் கூடாது என்றும், அதன் காரணமாக ஒருவரது உரிமையைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றும் அது சொல்கிறது. 'சாதி' என்ற சொல் அதில் இல்லவே இல்லை. பட்டியல் சாதிகள் எவை என அறிவிக்கும் அதிகாரத்தை 341ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்குத் தந்திருப்பதால், சான்றிதழுக்கும் சட்ட அடிப்படை உண்டு. ஐயமிருந்தால் மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் 17ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள், மொத்தமே இரண்டு வாக்கியங்கள்தாம். வீட்டில் பிள்ளைகளின் தமிழ்நாட்டுப் பாடநூல் இருந்தால் முன்பக்கத்தைப் புரட்டுங்கள்: "தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்றுதான் அங்கும் அச்சிட்டிருக்கிறார்கள்.