நாலு வீடு இருந்தாலும் வண்டி வரணும்

போன மாதம் தாத்தா ஊருக்குப் போய் வந்தேன். முசிறிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம். பாதி வீடுகளில் பூட்டு தொங்குகிறது, பிள்ளைகளெல்லாம் திருப்பூரிலும் சென்னையிலும். ஆனால் அந்த ஊருக்கு டவுன் பஸ் வருகிறது. காலையில் இரண்டு நடை, சாயங்காலம் இரண்டு நடை.

நானும் ஏறினேன். பக்கத்தில் ஒரு பாட்டி, மடியில் முருங்கைக்கீரைக் கட்டு. கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். காசு கொடுக்காத டிக்கெட். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. "முன்னெல்லாம் கீரை வித்த காசுல பாதி பஸ்ஸுக்கே போயிரும் சாமி" என்றார். எனக்கு உடனே அத்தை ஞாபகம்.

அத்தை இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில். நான் பிறந்ததும் அங்கேதான். அப்போது பால்மரம் (ரப்பர்), சம்பளத்துக்கு மறுநாள் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. பிறகு செம்பனை (பாமாயில் மரம்) வந்தது. பால் வெட்டுக்கு வேண்டிய ஆள் செம்பனைக்கு வேண்டாம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் காலியாயின. ஆள் குறைந்தது என்று பஸ்ஸை நிறுத்தினார்கள். பஸ் நின்றதும் மிச்சமிருந்தவர்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பட்டணம் போனார்கள். தமிழ்ப்பள்ளி 150 பேருக்குக் கீழே இறங்கி 'குறைந்த மாணவர் பள்ளி' ஆனது. இன்று முச்சந்தியில் பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரையும் ஒரு பலகையும்தான் மிச்சம். பிரஷர் மாத்திரை வாங்க அத்தை அந்தப் பலகையில் உட்கார்ந்து வாடகைக் காருக்குக் காத்திருப்பார். போய்வர 40 வெள்ளி (ரிங்கிட்). பட்டணத்து ஸ்டேஷனிலோ மின்சார ரயில் நின்று போகிறது.

இந்தியாவில் 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ஓர் அளவு வைத்தார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்குப்படி சமவெளியில் 500 பேர், மலையிலும் பாலைவனத்திலும் 250 பேர் இருந்தால், எந்த மழையிலும் வண்டி போகிற சாலை. இதில் எனக்கு வருத்தம் உண்டு; 499 பேர் இருக்கிற ஊர் என்ன பாவம் செய்தது? ஆனாலும் அங்கே ஒவ்வொரு குடியிருப்பையும் ஊர் என்று எண்ணினார்கள். பிறகு ஆட்கள் கிளம்பிப் போனாலும், போட்ட சாலையை யாரும் சுருட்டிக்கொண்டு போகவில்லை.

நம் தோட்டத்தை யார் எண்ணினார்கள்? கம்பெனி நிலம், கம்பெனி ரோடு. சுதந்திரத்துக்குப் பிறகு மலாய்க் கிராமங்களான கம்பங்களுக்கு வந்த கிராம மேம்பாட்டுத் திட்டங்கள், தனியார் நிலம் என்ற காரணத்தால் தோட்டத்து கேட்டோடு நின்றுவிட்டன. மூன்று தலைமுறை வாழ்ந்து, கோயில் கட்டி, திருவிழா எடுத்தும் அது கணக்கில் ஊராகவில்லை.

1930களில் தாத்தா பரிசலில் காவிரியைத் தாண்டி, குளித்தலையில் ரயில் ஏறி, நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலைப் பிடித்துப் பினாங்கில் இறங்கினாராம். பாட்டி நூறு தடவை சொல்லியிருப்பார். தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தபோது கடல் தாண்டிக் கூட்டிவர வழி இருந்தது. அவர் மகள் கிளினிக் போக இன்று ஒரு வண்டி இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பெரிய பஸ் வேண்டாம். தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் கொண்டுவந்ததே பெரிய பஸ் போகாத ஊர்களுக்காகத்தான். இங்கே ஒரு வேன் போதும். வாரம் மூன்று நாள், கிளினிக் நாளையும் சந்தை நாளையும் பார்த்து, நாலைந்து தோட்டங்களைச் சுற்றி வரட்டும். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று கேட்காதீர்கள். பஸ் இல்லாத இடத்தில் அதை எண்ண முடியாது.

இன்னும் தோட்டத்தில் இருப்பவர்கள், உங்கள் லயத்தில் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது, பட்டணம் எத்தனை கிலோமீட்டர், போய்வர எவ்வளவு ஆகிறது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மனுவாக நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

வருகிற வியாழன் அத்தைக்குக் கிளினிக். காலை ஆறரைக்கு முச்சந்தியில் இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருப்பார்.