சண்டர்லேண்டின் விசுவாசத்தை விற்றுத் தின்றவர்கள்

நெடுநாளாக அடக்கி வைத்திருந்ததை இன்று, 2019 மே கடைசி வாரத்தில், எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

2019 மே 26. மாலையில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில், மேல் அடுக்குக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டத்தில், வடகிழக்கு இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஊரின் கால்பந்து அணியான சண்டர்லேண்ட் சார்ல்டனிடம் 2-1 என்று தோற்றது. மூன்றாம் அடுக்கு லீக்கில் இன்னுமொரு வருடம் கிடக்க வேண்டும். அன்று இரவே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தன. வடகிழக்கு இங்கிலாந்தின் மூன்று இடங்களில் இரண்டை, பிறந்து சில மாதங்களே ஆன பிரெக்சிட் கட்சி எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறோம் என்று 2016-இல் முடிவெடுத்த நாடு, இன்னும் வெளியேறாமல், அதே ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்புகிறது. இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துக் கேட்டபோது எனக்கு வந்தது வருத்தத்தைவிடக் கோபம்தான்.

காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் லண்டனில் இருக்கும் உறவினர்களின் செய்திகள். "உங்கள் ஊர்க்காரர்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டது", "பந்தும் போச்சு, பிழைப்பும் போகப்போகிறது" என்று. இந்த ஊரைப் பற்றி இப்படிப் பேசுகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொதுவாக்கெடுப்பு நடந்த 2016 ஜூன் 23 இரவை நினைத்துப் பாருங்கள். பக்கத்து நகரமான நியூகாசிலில், ஒன்றியத்தில் நீடிக்க வேண்டும் என்றவர்கள் மயிரிழையில் வென்றார்கள் என்ற முடிவு வந்த சிறிது நேரத்தில் சண்டர்லேண்டின் முடிவு வந்தது. வெளியேற 82,394, நீடிக்க 51,930. ஏறத்தாழ 61 சதவீதம். அந்த எண்கள் அறிவிக்கப்பட்டதும் பவுண்டின் மதிப்பு சரிந்தது. ஒருவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடும் படம் உலகம் முழுவதும் ஓடியது. அன்றிலிருந்து எங்கள் ஊரின் முகம் அந்தப் படம்தான் என்றாகிவிட்டது. அந்த 51,930 பேரை யாரும் நினைப்பதில்லை. அந்த 82,394 பேர் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்கவும் யாரும் வருவதில்லை.

உலகத்துக்கே கப்பல் கட்டிக்கொடுத்த ஊர் இது. வியர் ஆற்றங்கரையில் கடைசிக் கப்பல் பட்டறைகள் 1988-இல் மூடப்பட்டன. மான்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் 1993-இல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997-இல் எங்கள் அணியின் மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட் எழுந்தது. மைதான வாசலில் பெரிய சுரங்க விளக்கின் சிலை ஒன்று நிற்கிறது. அப்பாவும் தாத்தாவும் பூமிக்கடியில் வேலை பார்த்த அதே இடத்துக்கு மேலே உட்கார்ந்து பிள்ளைகள் பந்தாட்டம் பார்க்கிறார்கள். வேலை போனது, மரியாதை போனது, மிஞ்சியது அணி ஒன்றுதான். லண்டனில் எந்தக் கட்சி ஆண்டாலும் தங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்று முப்பது வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒருநாள் ஒரு சீட்டைக் கொடுத்து, "இப்போது இருப்பது போதுமா, வேண்டாமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? நான் அந்தப் பதிலோடு உடன்படவில்லை. ஆனால் அது முட்டாள்தனத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது.

நான் ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவன். இப்போது நிசான் ஆலைக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு சிறிய தொழிற்சாலையில் இருக்கிறேன். 1986-இலிருந்து ஓடும் அந்த ஆலைதான் பிரிட்டனிலேயே பெரிய கார் ஆலை. இந்த 2019-இல் ஏறக்குறைய 7,000 பேர் நேரடியாக வேலை செய்கிறார்கள். எங்களைப் போன்ற சப்ளையர்களைச் சேர்த்தால் அதைப்போலப் பல மடங்கு. அங்கே செய்யும் கார்களில் பாதிக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போகின்றன. பாகங்களில் கணிசமானவை ஐரோப்பாவிலிருந்து வருகின்றன. கிடங்கில் குவித்துவைக்கும் வழக்கமே இல்லை. எந்தக் கார் எந்த வரிசையில் லைனில் வருகிறதோ அந்த வரிசையில், வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால், பாகம் வந்து இறங்க வேண்டும். டோவர் துறைமுகத்தில் சுங்கச் சோதனைக்காக லாரிகள் காத்துக்கிடந்தால் இங்கே லைன் நின்றுவிடும். ஷிப்டில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் பிரசாரத்தின்போது எந்தத் தலைவரும் தொழிற்சாலை வாசலுக்கு வந்து இதைப் பேசவில்லை. வெளியேறச் சொன்னவர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாரம் 350 மில்லியன் பவுண்டு அனுப்புகிறோம் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பொருளாதாரம் நாசமாகும் என்று பயமுறுத்தினார்கள். ஏற்கெனவே நாசமானதைக் கண்ணால் பார்த்த ஊர் அந்தப் பயமுறுத்தலுக்கு அசையுமா?

பிறகு நடந்தது என்ன? 2016 அக்டோபரில் கஷ்காய், எக்ஸ்-டிரெயில் இரண்டு மாடல்களும் சண்டர்லேண்டில்தான் தயாராகும் என்று நிசான் அறிவித்தபோது ஊரே மூச்சுவிட்டது. இந்த வருடம் பிப்ரவரியில், எக்ஸ்-டிரெயில் இங்கே வராது, ஜப்பானிலேயே செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். டீசல் கார் விற்பனை சரிந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐரோப்பாவோடு நாளை என்ன உறவு என்று தெரியாத நிலை திட்டமிடுவதைக் கடினமாக்குகிறது என்று அவர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இன்னொரு விஷயம் என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு அந்தப் பொதுவாக்கெடுப்பில் வாக்கு இருந்தது. பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியர், இலங்கையர் எல்லோருக்கும் இருந்தது. என் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் போலந்து நண்பருக்கு இல்லை. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர மற்ற ஐரோப்பிய நாட்டவர் யாருக்கும் இல்லை. அவர் எனக்குப் பல வருடம் முன்பே இங்கே வந்தவர். அவர் பிள்ளைகள் பேசும் ஆங்கிலம் முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. யாருடைய வாழ்க்கை தலைகீழாகப் போகிறதோ அவரைக் கேட்காமல், நேற்று வந்த என்னைக் கேட்டார்கள். நான் நீடிப்பதற்கு வாக்களித்தேன். ஆனால் நம்மவர்களில் எத்தனை பேர் வெளியேற வாக்களித்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஐரோப்பியர்கள் வருவது நின்றால் நம் ஊர்ச் சமையல்காரர்களுக்கு விசா கிடைக்கும், கறி உணவகங்கள் பிழைக்கும் என்று பிரீத்தி படேல் போன்ற அமைச்சர்கள் மேடையேறிச் சொன்னதை நம்பி வாக்களித்தார்கள். இன்றுவரை அந்த விசா வரவில்லை. மற்றொருவரின் கதவை மூடினால் நமக்கு ஜன்னல் திறக்கும் என்று நம்பவைத்தது எவ்வளவு பெரிய அநியாயம்!

போன மாதம் கேன்டீனில் அந்த நண்பரின் பாஸ்போர்ட்டை என் போனில் வைத்து ஸ்கேன் செய்து கொடுத்தேன். நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு அவர் இப்போது விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் செயலி அப்போது ஐபோனில் வேலை செய்யவில்லை, அவரிடம் இருப்பது ஐபோன். பாஸ்போர்ட்டின் சிப்பை என் ஆண்ட்ராய்டு போன் படிப்பதற்குள் மூன்று முறை விலகிவிட்டது. பிறகு முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. வெல்டிங் கறை படிந்த சட்டையோடு, சுவரில் சாய்ந்து, பள்ளிப் பிள்ளைபோல விறைப்பாக நின்றார். பதினைந்து வருடமாக வரி கட்டும் மனிதர், தான் இங்கே இருக்கலாமா என்று ஒரு செயலியிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார். சுற்றிலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் வெளியேற வாக்களித்தவர்கள் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் எழுந்துவந்து, "வெளிச்சம் போதவில்லை, இந்தப் பக்கம் திரும்பு" என்று அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார். இந்த ஊரை வெறுப்பின் ஊர் என்று எழுதுகிறவர்கள் இதையும் எழுத வேண்டும்.

இனி அணிக்கு வருகிறேன். இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறேன் என்று கேட்கலாம். இரண்டிலும் நடந்தது ஒன்றே என்பதால்தான். மேலே இருப்பவர்கள் சூதாடினார்கள், தோற்றதும் எழுந்து போய்விட்டார்கள். கடனைக் கீழே இருப்பவர்கள் கட்டுகிறார்கள்.

வாக்கெடுப்பை அறிவித்த பிரதமர் டேவிட் கேமரன் முடிவு வந்த காலையிலேயே பதவி விலகுவதாகச் சொன்னார். அதே கோடையில் அணியைக் கரைசேர்த்த பயிற்சியாளர் சாம் அலர்டைஸ் இங்கிலாந்து தேசிய அணிக்குப் போய்விட்டார். அடுத்து வந்த டேவிட் மோயஸ் இரண்டாவது ஆட்டம் முடிந்ததுமே, இந்த வருடமும் தப்பிப் பிழைக்கும் போராட்டம்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். அப்படிச் சொன்ன தளபதியின் கீழ் யார் போரிடுவார்கள்? 2017 மார்ச்சில் வீரர்கள் பயிற்சிக்கென்று நியூயார்க் போயிருந்த நாட்களில் கிளப் அலுவலக ஊழியர்களுக்கு ஆள்குறைப்புச் செய்தி வந்தது. அந்த வருடம் பிரீமியர் லீக்கில் கடைசி இடம். அடுத்த வருடம், இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலும் கடைசி இடம். ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவாக, அத்தனை காலமும் சொந்த மைதானத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. மைதானத்தின் சிவப்பு நாற்காலிகள் வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிக் கிடந்தன. கிளப் கைமாறிய பிறகு, போன கோடையில், ரசிகர்களே வந்து குனிந்து பழைய நாற்காலிகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தினார்கள். சம்பளம் வாங்கி ஆடியவர்கள் கைவிட்டதைச் சம்பளம் இல்லாதவர்கள் எடுத்துக் கட்டினார்கள்.

மூன்றாம் அடுக்கு லீக்கில் இந்தப் பருவம் சராசரியாக முப்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிராட்ஃபோர்டுடனான ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். அந்த அடுக்குக்கு லீக் ஒன் என்று பெயர் வந்த பிறகு, அதுவரை இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. ஆனால் ஜனவரியில் அதிக கோல் அடித்துக்கொண்டிருந்த ஜோஷ் மாஜா பிரான்சின் போர்தோவுக்குப் போனார். 46 ஆட்டங்களில் 19 டிரா. முன்னிலை பெறுவது, பின்வாங்குவது, கடைசியில் கோல் வாங்குவது. பருவம் முழுவதும் இதே கதை.

வெம்ப்ளியிலும் அதுவேதான். ஐந்தாவது நிமிடத்தில் சார்ல்டனின் நாபி சார் பின்னால் தட்டிய பந்து அவர்கள் கோல்கீப்பரையே தாண்டி வலைக்குள் உருண்டது. கேட்காமலே கிடைத்த பரிசு. அதன் பிறகு எங்கள் ஆட்கள் அந்த ஒரு கோலைப் பூதம் காப்பதுபோலக் காத்தார்கள். அரைமணி நேரத்தில் சமன். 94-வது நிமிடத்தில் பாட்ரிக் பாவர் அடித்தார். முடிந்தது. 1998-இல் இதே சார்ல்டனிடம் பழைய வெம்ப்ளியில் 4-4 என்று ஆடிப் பெனால்டியில் தோற்றதைப் பார்த்த பெரியவர்கள், பக்கத்தில் அழும் பேரப்பிள்ளைகளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார்கள். 1973-இல் எஃப்.ஏ. கோப்பையில் லீட்ஸை வீழ்த்திய பிறகு, இந்த 2019 வரை, வெம்ப்ளியில் இந்த அணி வென்றதே இல்லை. இந்த மார்ச் மாதக் கடைசியில்கூட அங்கே போர்ட்ஸ்மவுத்திடம் பெனால்டியில் தோற்றோம். அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 29, பிரிட்டன் வெளியேறியிருக்க வேண்டிய தேதி. அன்று பிரதமர் தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் மூன்றாவது முறையாகத் தோற்கடித்தது.

ஆட்டம் முடிந்து லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே வந்த ரயிலில் எதிர் இருக்கையில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர். அவர் பக்கத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி. இருவர் கழுத்திலும் சிவப்பு வெள்ளைத் துண்டு. பத்து மணிக்கு மேல் போனில் தேர்தல் முடிவுகள் வரத் தொடங்கின. பெரியவர், "நான் மூன்று வருடம் முன்பு சொன்னேன். இன்னும் செய்யவில்லை. என் வாக்குக்கு மதிப்பில்லையா?" என்றார். அந்தப் பெண் விடவில்லை. "எனக்கு அப்போது பதினாறு வயது. என்னை யாரும் கேட்கவே இல்லையே" என்றாள். இரண்டுமே நியாயம். கொஞ்ச நேரம் காரசாரமாகப் பேசினார்கள். பிறகு, முதல் கோலுக்குப் பிறகு ஏன் பின்வாங்கி ஆடினோம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. டார்லிங்டன் வருவதற்குள் அவர் அவளுக்குச் சாண்ட்விச்சில் பாதியைக் கொடுத்திருந்தார்.

இவர்களைத்தான் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதபடி பிரித்துவிட்டார்கள். வெளியேறினால் சுங்கம் எப்படி, அயர்லாந்து எல்லை எப்படி, வசிக்கும் உரிமை எப்படி என்று எதுவும் எழுதாமல் இரண்டே கட்டங்கள் போட்ட சீட்டைக் கையில் கொடுத்தார்கள். ஏப்ரல் 1 அன்று, வெளியேறிய பிறகும் ஐரோப்பாவோடு நிரந்தரச் சுங்க ஒன்றியம் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நாடாளுமன்றத்தில் வெறும் மூன்று வாக்கில் தோற்றது, 273-க்கு 276. எங்கள் லைன் நிற்காமல் ஓட வழிசெய்யும் யோசனை அது. எதிர்த்தவர்களில் இரண்டு பேர் மாற்றி வாக்களித்திருந்தால் போதும். ஒவ்வொருவருக்கும் தன் கட்சிக் கணக்கு.

வெள்ளிக்கிழமை தெரசா மே கண்ணீரோடு விலகலை அறிவித்தார். அக்டோபர் 31 புதிய கெடு. பதவிக்குப் போட்டியிடுகிறவர்கள் தொலைக்காட்சியில் வீரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறுவோம் என்று மேசையைத் தட்டுகிறவர்கள் முதலில் இங்கே வரட்டும். இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில் எங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று, நவம்பர் முதல் நாள் டோவரில் எங்கள் லாரி எத்தனை மணி நேரம் நிற்கும், அந்த நேரத்துக்கு எங்கள் கூலியை யார் தருவார்கள், என் போலந்து நண்பரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று பதில் சொல்லட்டும். கிளப்பை விலைக்குப் பேசிக்கொண்டிருப்பதாக அடிபடும் முதலீட்டாளர்களும், வாங்குவதற்கு முன் எத்தனை பணம் போடுவார்கள், அது யார் பெயரில் கடனாக நிற்கும் என்று ரசிகர் சங்கத்தின் முன் உட்கார்ந்து சொல்லட்டும். சீசன் டிக்கெட்டை நாங்கள் எப்படியும் புதுப்பிப்போம் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடமும் ஏமாற்றினார்கள். இந்த முறை பதிலை வாங்கிக்கொண்டுதான் பணம் கட்டுவேன்.