அந்தப் பையன் சொன்னது சரியான பதில்தான்

ரெண்டு நாளா இதைப் பத்தி எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில மூணாவது வாட்ஸப் குரூப்புல, சிரிப்பு பொம்மை போட்டு, எனக்கே அனுப்பியிருக்காங்க. அதனால எழுதுறேன்.

வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. கோட்டு போட்ட பேச்சாளர் கேக்குறாரு: "உங்க வாழ்க்கையோட நோக்கம் என்ன?" பிளஸ் டூ படிக்கிற நம்ம ஏரியா பையன் எழுந்து, "எங்கம்மாவுக்கு ஒரு பெரிய ஐஸ் பெட்டி வாங்கித் தரணும் சார்"ங்கறான். ஹாலே சிரிக்குது. அவரும் சிரிச்சுட்டு, "தம்பி, நான் ஷாப்பிங் லிஸ்ட் கேக்கல"ங்கறாரு. அதுக்குக் கைதட்டல் வேற.

ஐயா, அந்தப் பையன் சொன்னது சரியான பதில்.

அவங்கம்மா தெருவுல மீன் விக்கிறவங்க. காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடியே ஏலம். அங்க எடுத்த மீனை அன்னக்கூடையில வச்சுத் தெருவுக்குக் கொண்டு வர்ற அம்மாங்களுக்குப் பத்து மணி வரைக்கும்தான் ராஜ்ஜியம். வெயில் ஏற ஏற சங்கராவுக்குக் கண்ணு மங்கும், செவுளு வெளுக்கும். பன்னெண்டு மணிக்கு வர்றவங்க கேக்குறதுதான் விலை. கூடவே ஐஸ் இருந்தா, "அந்த விலைக்கு வராதும்மா, போ"ன்னு தைரியமா சொல்லலாம், சாயங்காலம் வரைக்கும் வச்சு விக்கலாம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்ப வரத்தும் கம்மி, வாங்குற விலையும் ஜாஸ்தி. ஒரு கூறு கெட்டாலும் அன்னிக்கு லாபம் போச்சு. இத்தனையும் அந்த ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கு. இதையே எவனாவது எம்பிஏ படிச்சவன் ஸ்கிரீன்ல படம் போட்டுச் சொல்லியிருந்தா நீங்களே மேடைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கியிருப்பீங்க.

"உனக்குப் பொறாமை"ன்னு ஒருத்தர் வருவாரு. வாங்க. ஆமா, ஒரு மணி நேரம் பேசி அவ்வளவு வாங்குறாரேன்னு பொறாமைதான். அடுத்த ஆள்?

"வறுமையைப் புனிதம் ஆக்காதே, வடசென்னைப் பசங்க பெரிசா கனவு காணக் கூடாதா?" இது நல்ல கேள்வி. ஆட்டோ ஓட்டுறவரு பொண்ணு காசிமா 2024-ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்கிட்டு வந்தப்ப முதல் ஆளா ஸ்டேட்டஸ் போட்டவன் நான். கனவு காணட்டும். ஆனா சின்னதா கேட்டா கேவலம்னு யாரு சொன்னது? 1918-ல இதே பெரம்பூர் பக்கம் மில்லு ஆளுங்க கூடிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்களே, அவங்க குறையில ஒண்ணு மதியச் சோறு திங்கக் குடுக்குற நேரம் பத்தலைங்கறது. சங்கத்தை முன்னால நின்னு நடத்துன வாடியாவோ திரு.வி.க.வோ அதைக் கேட்டுட்டு "ஷாப்பிங் லிஸ்ட்"னு சிரிக்கல.

சரி, நானும் யோக்கியன் இல்ல. போன வருஷம், 46 வயசுல, 4,500 ரூபா கட்டி ரெண்டு நாள் "நோக்கத்தைக் கண்டுபிடி" வகுப்புக்குப் போனேன். வீட்டுல இதுவரைக்கும் சொல்லல, இப்ப படிச்சுட்டுத் திட்டப் போறா. ஏசி ஹால். ஒண்ணை ஒண்ணு வெட்டுற நாலு வட்டம் வரைஞ்சு, நடுவுல இகிகாய்னு எழுதிக் குடுத்தாங்க. ஜப்பான் வார்த்தை, எதுக்காக வாழறோம்ங்கறதுதான் அர்த்தம். பிடிச்சது, தெரிஞ்சது, உலகத்துக்குத் தேவையானது, காசு வர்றது. நாலும் சேர்ற இடத்துல நான் என்ன எழுதறது? பேனாவை உருட்டிக்கிட்டே இருந்தேன். பக்கத்துல இருந்தவர் மடமடன்னு எழுதிட்டாரு. அழுகையே வந்துடுச்சு எனக்கு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். அந்த வட்டத்தை வரைஞ்சவர் ஸ்பெயின் நாட்டு ஜோசியர் ஒருத்தர். அதுல இகிகாய்ங்கற வார்த்தை கிடையாது. 2014-ல வேற ஒருத்தர் தன்னோட வலைப்பூவுக்காகச் சேர்த்து ஒட்டினது அது. (ஜோசியம்னா நம்ம தெருவுல கிளியே கம்மி காசுல பார்த்திருக்கும்.) ஜப்பான்ல இதைப் பத்தி 1966-லயே புத்தகம் எழுதுனவங்க மியெகோ காமியான்னு ஒரு மனநல டாக்டரம்மா. தொழுநோயாளிங்க இருந்த இல்லத்துல வேலை பார்த்தவங்க. எல்லாரும் ஒதுக்கி வச்ச மனுஷங்க எதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த நாளைக்கு எழுந்திரிக்கிறாங்கன்னு அவங்களைப் பார்த்து எழுதுனாங்க. வட்டம் கிட்டம் எல்லாம் இல்ல.

எழுதிக்கிட்டே வந்தா எங்க நைனா ஞாபகம் வருது. நான் காலேஜ் சேர்ந்த நேரத்துல அவர் வேலை பார்த்த மில்லு மூடிட்டாங்க. சங்கு ஊதுறதும் நின்னு போச்சு. ஆனா அவருக்கு மட்டும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடும். எழுந்து என்ன பண்றது? தெருமுனையில தண்ணி லாரி நிக்கிற இடத்துக்குப் போயிடுவாரு. எல்லா வீட்டுக் குடத்தையும் வரிசையா வச்சு, சாக்பீஸ்ல நம்பர் போடுவாரு. பிளாஸ்டிக் குடத்துல சாக்பீஸ் நிக்காது. துணியால ஈரத்தைத் துடைச்சு, அழுத்தி அழுத்தி எழுதுவாரு. புள்ளத்தாச்சிங்க இருக்குற வீட்டுக் குடம் எப்பவும் முன்னாடி. அதுக்கு யாராவது சண்டைக்கு வந்தா எங்க வீட்டுக் குடத்தை எடுத்துக் கடைசியில வச்சுடுவாரு, அம்மா திட்டும். யாரும் அவரைப் பண்ணச் சொல்லல, சம்பளமும் இல்ல.

எனக்கு வெக்கமா இருக்கும். காலேஜ் பிரெண்டு ஒருத்தன் வீட்டுக்கு வந்தப்ப, நைனா முட்டிக்கு மேல லுங்கியை மடிச்சுக்கட்டி, கையெல்லாம் சாக்பீஸோட வந்து நின்னாரு. அவன் எதிர்லயே கேட்டேன், "உனக்கு வேற வேலையே இல்லையா நைனா?"

"இல்லடா. மில்லுதான் மூடிட்டாங்களே"ன்னாரு. கிண்டலா சொல்லல. கேட்டதுக்குப் பதில் சொன்னாரு.

அதனாலதான் அந்த ஹால் சிரிப்பு எனக்கு இவ்வளவு எரியுது போல. பேச்சாளரைத் திட்டணும்னு ஆரம்பிச்சேன், எங்கெங்கயோ போயிடுச்சு.

இன்னொண்ணு. "பையன் நம்பர் குடுங்க, பெட்டி நாங்க வாங்கித் தர்றோம்"னு இன்பாக்ஸ்ல கேக்குறவங்களுக்கு: தர மாட்டேன். நல்ல மனசுதான், ஆனா நீங்க பெட்டியோட போட்டோவும் எடுப்பீங்க. நேத்து அவங்கம்மாகிட்ட நெத்திலி வாங்கப் போனேன். லீவு நாள்ல தண்ணி கேன் போட்டுப் பாதிப் பணம் சேர்த்துட்டானாம். தடைக்காலம் முடியறதுக்குள்ள வாங்கிடுவான்னாங்க. வீடியோவை அவங்க இன்னும் பார்க்கல. தயவுசெஞ்சு அவங்களுக்கு அனுப்பாதீங்க.