அந்தப் பெயரை எழுதியது அவர் அல்ல

ராணுவப் பதிவேட்டில் அண்ணியின் பெயரில் இருக்கும் பிழையைத் திருத்தச் சொல்லி அண்ணன் போட்ட மனு மூன்றாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. இதைப் பற்றிப் போன வாரமும் எழுதியிருந்தேன். மனு திரும்பி வருவதுகூடப் பழகிவிட்டது. ஆனால் நேற்று கவுண்டரில் இருந்தவர் அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

"இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

என்ன பண்ணிக்கொண்டிருந்தார்? 1969இல் படையில் சேர்ந்தார். 1971 போரில் கிழக்குப் போர்முனையில் இருந்தார். 15 வருடம் முடித்து 1984இல் ஊருக்கு வந்தார். பணி முடிந்ததற்குச் சான்றாகக் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார். அரசாங்க முத்திரை குத்திய புத்தகம், உள்ளே இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள் என்று அன்றைக்கு அவருக்கு யாரும் சொல்லவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அண்ணியின் பெயரில் கடைசியில் வரும் 'அம்மாள்' பதிவேட்டில் இல்லை. பிறந்த வருடமும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அந்தப் பெயரை எழுதியது அண்ணன் அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். அண்ணன் சொன்னார், வேறொருவர் எழுதினார், எழுதியதில் பிழை. ஆனால் ஐம்பது வருடம் கழித்து அலைகிறவர் மட்டும் அண்ணன்.

ஓர் எழுத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு: அண்ணனுக்கு 75 தாண்டிவிட்டது. அவருக்குப் பிறகு அண்ணிக்கு வரவேண்டியது குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு, எப்படியும் 9000 ரூபாய்க்குக் குறையாது, அதற்கு மேல் அகவிலைப்படி. வாங்குகிறவருக்கு 80 வயது ஆனால் இன்னும் 20 விழுக்காடு கூடும். அதனால் பிறந்த வருடமும் சோற்றுக் கணக்குதான். பெயர் பொருந்தவில்லை என்றால் எல்லாம் அப்படியே நிற்கும். புருஷன் போன துக்கம் ஆறுவதற்குள் நான்தான் அவர் பெண்டாட்டி என்று அந்த அம்மா ஒவ்வொரு மேஜையாகப் போய் நிரூபிக்க வேண்டியிருக்கும். தான் உயிரோடு இருக்கும்போதே அதை முடித்துவிட வேண்டும் என்று ஒரு மனுஷன் நினைப்பதில் என்ன தப்பு?

நான் யூனிட்டில் 24 வருடம் கிளார்க்காக இருந்தவன். பிழை எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். பையன் லீவில் போய்க் கல்யாணம் முடித்துத் திரும்புவான். ஆபீசில் வந்து பெயரைச் சொல்லுவான். நாங்கள் அதைப் பார்ட் டூ ஆர்டரில் போடுவோம், கல்யாணம் போன்ற சொந்த விவரங்களைப் பதியும் யூனிட் உத்தரவு அது. கார்பன் தாள் வைத்து டைப்ரைட்டரில் அடிப்போம். ஒரு பிரதி ரெக்கார்ட் ஆபீசுக்குப் போகும், அங்கே அவனுடைய பணிப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும். அடிக்கிறவர் பீகாரோ ராஜஸ்தானோ, நம் ஊர்ப் பெயர் அவர் காதுக்குப் பழக்கமில்லை. அதிலும் இந்த சர்நேம் கட்டம் இருக்கிறதே! நமக்கு ஏது சர்நேம்? ஒருவனுக்கு அப்பா பெயரை அங்கே போடுவார்கள், ஒருவனுக்கு ஊர்ப் பெயரைப் போடுவார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு இரண்டு விதமாகப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வேலை அப்படி. இன்றைக்குத் திருத்த மறுப்பவர்கள் மீதுதான் கோபம்.

முதல் முறை அஃபிடவிட் கேட்டார்கள், கொடுத்தோம். இரண்டு பத்திரிகையில் விளம்பரம் கேட்டார்கள், கொடுத்தோம். இரண்டாவது முறை திருமணப் பதிவுச் சான்று. கல்யாணம் நடந்தது 1976இல், கிராமத்துக் கோயிலில். தமிழ்நாட்டில் கல்யாணத்தைப் பதிவது எல்லோருக்கும் கட்டாயமானதே 2009 சட்டத்துக்குப் பிறகுதான். மூன்றாவது முறை என்ன கேட்டார்கள் தெரியுமா? அந்தப் பார்ட் டூ ஆர்டரின் நகல். அந்தக் காகிதம் இருப்பதே அவர்களிடம்தான்! தங்கள் அலமாரியில் இருப்பதை இவரைக் கொண்டுவரச் சொல்கிறார்கள்.

சரி, மறுபக்கமும் பேசுவோம். போலி மனுக்கள் வருகின்றன, ஆள் மாறாட்டம் நடக்கிறது, இரண்டாம் தாரத் தகராறு இருக்கிறது, கேட்டதும் திருத்தினால் என்ன ஆகும் என்பீர்கள். நியாயம். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான், விசாரிக்க வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். விசாரியுங்கள். ஆனால் விசாரிப்பது உங்கள் வேலை. எழுதியவர் நீங்கள் என்றால் தேடிப் பார்க்க வேண்டியவரும் நீங்கள்தான்.

அமெரிக்காவில் 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த படைவீரர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்தது. ஒன்றரைக் கோடிக்கும் மேலான கோப்புகள் போயின. அதற்குப் பிறகு சம்பளப் பட்டியல், ஆஸ்பத்திரிக் குறிப்பு என்று வேறு இடங்களில் கிடைத்ததை வைத்துப் பலருடைய சேவைப் பதிவைத் திரும்ப உருவாக்கினார்கள். அங்கே எல்லோருக்கும் எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சாம்பலான கோப்புக்கே வழி தேடியிருக்கிறார்கள் என்றால், எரியாமல் முழுசாக இருக்கும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்க முடியாதா?

தகவல் உரிமைச் சட்டத்தில் ஆர்டிஐ மனு போடுங்கள், சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, அங்கே போங்கள் என்று நான்கைந்து பேர் போனில் சொன்னார்கள். அக்கறைக்கு நன்றி. ஆர்டிஐ போடத்தான் போகிறேன். ஆனால் ஓர் 'அம்மாள்' சேர்க்க ஒரு கிழவர் வழக்காட வேண்டுமா? பஸ் படி ஏறவே நான் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, ராணுவத்தைக் கேவலப்படுத்துகிறாயா என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தம்பி, நீங்கள் பிறப்பதற்கு முன்னால் அந்தச் சீருடையைப் போட்டவன் நான். எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். அந்தச் சீருடை மேல் மரியாதை இருப்பதால்தான் அதைப் போட்டவருக்காகப் பேசுகிறேன்.

இவ்வளவு பேசுகிற நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நேற்றிலிருந்து மனதை அறுக்கிறது. ஒரு தடவை ஒரு பையன் என் மேஜைக்கு வந்தான். தென்காசிப் பக்கம். "சாப், என் சம்சாரம் பேர்ல ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றான். மாதக் கடைசி, எனக்கு வேலை தலைக்கு மேல். "சர்வீஸ் முடிஞ்சு வெளியே போறப்போ சரிபண்ணிக்கலாம், போ" என்று அனுப்பிவிட்டேன். அவனும் சரி சாப் என்று போய்விட்டான். அப்புறம் எனக்கு மாற்றல். அவன் எப்போது வெளியே வந்தான், அதை யாராவது சரி செய்தார்களா, ஒன்றும் தெரியாது. இன்று அவனும் ஏதோ ஒரு கவுண்டரில் நிற்கலாம். அவன் வீட்டு அம்மா நிற்கலாம். எவரோ அவனிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். அவனுக்காக யார் பதில் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டும். அந்த எழுத்தை விட்டது அவன் இல்லை ஐயா, நான்.

நேற்று திரும்பும்போது அண்ணன் வழி முழுக்கப் பேசவே இல்லை. வீட்டுத் திண்ணையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மனு திரும்பிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "ஏன் தம்பி, அவங்க எழுத்தை மாத்தலேன்னா, நான் வேணா என் பேரை மாத்திக்கட்டுமா?"

நான்காவது மனுவை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருப்போம். அண்ணனோடு வேலை பார்த்தவர்கள், அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள், சாட்சிக் கையெழுத்து வேண்டும்.